கலிபோர்ணியச் சிறைகளின் பெருக்கம்: தண்டனைச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

சிறைவாசிகளின் தொகை பெருகுவதைக் குற்றம் பெருகியதன் விளைவெனக் கொள்வது வழக்கம். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணிய மாநில வரலாறு இக்கருத்தை ஐயுற வைக்கின்றது. 1970களின் நடுப்பகுதியில் அங்கு ஏறத்தாழ 20,000 பேரே சிறையிலிருந்தனர். 2006 இல் இத்தொகை 1,73,000 அளவினை எட்டிற்று. 1990களில் குற்றங்கள் குறைந்து சென்றபோதும் சிறைகள் நிரம்பிக்கொண்டேயிருந்தன. எனவே காரணத்தை நாம் சட்டத்திலேயே தேடவேண்டியுள்ளது.

1917 முதல் அங்கு வரையறையற்ற தண்டனை முறை நிலவியது. நீதிபதி குற்றவாளியைச் சிறைக்கு அனுப்புவார். விடுதலை நாளை நிருவாகச் சபையொன்றே தீர்மானிக்கும். ஏறத்தாழ எழுபது டொலர் கொள்ளைக்காக 1961 இல் 'ஓராண்டு முதல் ஆயுள் வரை' தண்டிக்கப்பட்ட ஜோர்ஜ் ஜக்சன், விடுதலை காணாமலே 1971 இல் சான் குவென்ரின் சிறையில் காவலரால் சுடப்பட்டு இறந்தார். இம்முறையின் எதேச்சாதிகாரத்தைச் சிறைவாசிகளின் உரிமைக்காகப் போராடியோர் கண்டித்தனர். சபை குற்றவாளிகளை விரைந்து விடுவிக்கின்றதெனக் கடுந்தண்டனை வேண்டியோரும் கண்டித்தனர். இரு சாராரும் எதிர்பாராது ஒன்றுபட்டதன் பயனே, ஆளுநர் ஜெரி பிறவுண் 1976 இல் கைச்சாத்திட்ட வரையறுத்த தண்டனைச் சட்டம். சிறையின் நோக்கம் தண்டிப்பதே என அச்சட்டம் வெளிப்படையாகவே கூறிற்று.

சபையின் கையிலிருந்த அதிகாரம் இவ்வாறு பெருமளவிற்குச் சட்டசபையின் கைக்கு மாறியது. வாக்காளரை எதிர்நோக்கும் உறுப்பினர்க்குத் தண்டனைக் காலத்தைக் கூட்டுதல் எளிது, குறைத்தலோ அரிது. 1994 ஆம் ஆண்டின் 'மூன்றாம் குற்ற'ச் சட்டம் இப்போக்கின் உச்சம். பாரிய குற்றங்களுக்கு முன்னர் தண்டனை பெற்ற ஒருவர் கோல்ப் மட்டைகள் மூன்றினைத் திருடியமைக்குப் பெற்ற '25 ஆண்டு முதல் ஆயுள் வரை'யான தண்டனையை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2003 இல் உறுதிசெய்தது.

ஏறத்தாழ 80,000 பேருக்கென அமைந்த சிறைகளில் அதனிலும் இருமடங்கினர் அடைபட்டனர். உடற்பயிற்சிக் கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில்கள் இடப்பட்டன. இத்தகைய நெரிசல் கொடூரமான தண்டனையைத் தடுக்கும் அரசியலமைப்பு விதிக்கு முரணானதென்று 2011 இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முந்திய ஆளுநர்களின் காலத்தில் தொடங்கிய அவ்வழக்கு, மீண்டும் ஆளுநரான பிறவுணின் பெயராலேயே இன்று சுட்டப்படுகின்றது. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் தோல்வியுற்றதென அவரே 2003 இல் ஒப்புக்கொண்டிருந்தார். 2016 இல் அவர் முன்னின்று நிறைவேற்றிய வாக்கெடுப்பு, வன்முறை சாராக் குற்றவாளிகள் சிலரை முன்கூட்டி விடுவிக்கும் அதிகாரத்தைச் சபைக்கே மீள அளித்தது.

2020 இல் சிறைவாசிகள் ஓர் இலட்சத்திற்குக் குறைந்தனர். கொரோனாத் தொற்றும் இதற்கு ஒரு காரணமாகும். ஆயின் 2024 இல் வாக்காளர்கள் சில களவு, போதைப்பொருட் குற்றங்களுக்கான தண்டனையை மீண்டும் உயர்த்தினர்.