நடுங்கும் கைகள் – 6: கொட்டிய தண்ணீர்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் நடுக்குவாதத்தைப் பற்றி எழுதியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். நோயின் முகம் தெரிந்துவிட்டது. மருந்து மட்டும் தெரியவில்லை. ஆனால் அது பூமியில் இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அடுப்பிலிருந்து இறக்கிய பானையிலிருந்து, அதைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

பூனைக்காலிக் கொடியை அறியாமல் தொட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். காய் முழுக்கப் பொன்னிறச் சுணை. மேலே பட்டால் போதும், தோலைப் பிய்த்தெறியலாம் போல அரிக்கும். அந்தக் காய்க்குள் இருக்கும் விதையை அந்த மலையின் பழங்குடியினரான காணிக்காரர்கள் உணவாக்கினார்கள். ஒரே தண்ணீரில் வேகவைக்க மாட்டார்கள். கொதித்த நீரை வடித்துக் கொட்டுவார்கள், புது நீர் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள், அதையும் கொட்டுவார்கள். இப்படிப் பல தடவை. இல்லாவிட்டால் குமட்டும், வாந்தி வரும். அவர்கள் வடித்து விலக்கிய பொருள் எது?

அதற்கு ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போக வேண்டும். வருடம் 1913. ரோஷ் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர் மார்க்கஸ் குகன்ஹைம், நிறுவனரின் தோட்டத்தில் விளைந்த ஒரு வகை அவரையிலிருந்து வெண்ணிறப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் எல்-டோபா. முயலுக்குக் கொடுத்துப் பார்த்தார். குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. பிறகு அவரே 2.5 கிராம் விழுங்கினார். சற்று நேரத்தில் கடுமையான வாந்தி. பெரிய பயன் இல்லாத பொருள் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். காணிக்காரர் வீட்டுப் பானை விலக்கியதும், பாசல் ஆய்வகம் ஒதுக்கியதும் ஒரே பொருள்தான் என்று அன்று யாருக்குத் தெரியும்?

அந்த முடிச்சின் ஒரு நுனியை அவிழ்த்தது நம் சென்னை. 1937-இல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். பிரிட்டனின் உயிர்வேதியியல் இதழில் கட்டுரையும் வந்தது. இந்த இரண்டு பெயர்களையும் நம் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் அன்றைய உலகுக்கு டோபா வெறும் ஓர் அமினோ அமிலம். அதற்கும் மூளைக்கும் உறவு உண்டென்று யாரும் நினைக்கவில்லை. கட்டுரை நூலக அடுக்குக்குப் போய்விட்டது.

இங்கே ஒரு நிமிடம். இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவருக்கு நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். விதைக்கு விதை டோபாவின் அளவு மாறும். ஏற்கெனவே நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதே மருந்தை இரட்டிப்பாக்கியது போலாகிவிடும். மருத்துவரிடம் கேட்காமல் கூடாது.

கதைக்கு வருவோம். 1938-இல் ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்ஸ், டோபாவை டோபமைனாக மாற்றும் நொதியைக் கண்டார். அந்த டோபமைனையும் ஒரு வழிப்போக்கனாகத்தான் எண்ணினார்கள், வேறொன்றாக மாறும் வழியில் தங்கிப்போகிற பொருளாக. அதன்பின் நெடுங்காலம் அமைதி.

அமைதியைக் குலைத்ததும் நம் மண்ணின் இன்னொரு மூலிகைதான். சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது, அதுவும் பாசலில்தான். ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் கொடுத்தார்கள். சிலருக்கு விசித்திரமான பக்கவிளைவு: உடல் விறைத்தது, நடை தளர்ந்தது, கை நடுங்கியது. பார்க்கின்சன் 1817-இல் வர்ணித்த அதே கோலம்! ஒரு வேர் அந்த நோயின் சாயலை உண்டாக்குகிறது என்றால், அது மூளையிலிருந்து எதையோ காலி செய்கிறது என்றுதானே அர்த்தம்?

1957, ஸ்வீடனின் லுண்ட் நகரம். ஆர்விட் கார்ல்சனும் அவர் குழுவினரும் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார்கள். காதுகள் தொங்கிவிட்டன. உயிர் இருந்தது, அசைவில்லை. கார்ல்சனின் கையில் இன்னொரு ஊசி. அதில், மலைவாசிகள் வடித்துக் கொட்டிய, குகன்ஹைம் ஒதுக்கிய, சென்னையில் பிரித்தெடுத்த அந்த டோபா.

மருந்து உள்ளே இறங்கியது. அடுத்த கால் மணி நேரத்துக்குள்...

(தொடரும்)