தோட்ட வாரியமும் மரத்தடி மஞ்சளும்

உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற சாசனங்களைக் குடவோலை முறைக்காகவே எல்லோரும் புகழ்கிறார்கள். ஏரிக்கு அறுவரை நியமித்த அவ்வூர்ச் சபை தோட்டத்துக்குப் பன்னிருவரை நியமித்ததையும், அவ்விரு வாரியங்களிலும் முன்பே பணியாற்றியவர்களைச் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு எடுத்துக்கொண்டதையும் கவனிப்பவர் சிலரே.

அத்தோட்டங்களில் மரத்தின் கீழே என்ன விளைந்ததென்று கேட்டால் அச்சாசனங்கள் வாய் திறப்பதில்லை. சோழர் செப்பேடுகளோ தென்னை வைக்கவும், தமனகமும் செங்கழுநீரும் நடவும் உரிமை அளிப்பதையும், தெங்கையும் பனையையும் கள்ளிறக்கும் ஈழவர் ஏறலாகாதென்பதையும் வெகு சிரத்தையாக எழுதிவைத்தன. விலைபோகும் மரமும் மணமுமே அரண்மனைக் கணக்கில் ஏறின. அடுக்களைக்குப் போன பயிரைத் தேடுபவர் புலவரிடந்தான் போகவேண்டும்.

தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில், தென்னமட்டை வேய்ந்த தோட்டக்குடிகளின் வீட்டு முற்றத்தில் மஞ்சள் வளர்ந்ததைக் காட்டுகிறார். அவரே பட்டினப்பாலையில் தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று நெடியதையும் குறியதையும் சேர்த்து நிறுத்தும்போது, அது ஓசைக்காக மட்டும் அமைந்த வரிசையன்று, தோப்புக்குள் நடந்து பார்த்த கண்ணின் வரிசை என்பதே என் அபிப்பிராயம்.

ஏனெனில் இருபத்தைந்தடிக்கு ஒன்றாக வைத்த தென்னை, இருபது வருஷம் கடந்து தலை உயர்ந்தபின், மட்டைகளின் இடுக்கு வழியே சாய்ந்த வெயிலைத் தரையில் விழவிடும். அதன் வேர்களிற் பெரும்பகுதி தூரைச் சுற்றி ஆறடிக்குள் அடங்கிவிடுவதால், அந்த வட்டத்தை விட்டு அப்பால் பாத்தி கட்டி, வைகாசி ஆனியில் மஞ்சளை ஊன்றி, உதிர்ந்த மட்டையையே மூடாக்காகப் போட்டால், மரத்துக்கு இறைத்த நீரிலேயே அது தழைத்துத் தை மாதத்தில் கிழங்கு முற்றி நிற்கும். மஞ்சளுக்கு இட்ட எருவில் தென்னையும் பங்கு கொள்ளும். சேனையும் சேம்பும் இந்நிழலுக்கு இன்னும் பொருத்தமானவை.

விஜயநகர காலத்துச் சாசனங்களில் வாழை, கரும்போடு மஞ்சளும் இஞ்சியும் வரிக்கணக்கில் இடம்பெற்றுவிட்டன. அவையெல்லாம் மரநிழலில் விளைந்தனவென்று சாதிக்க நான் துணியேன். சொந்தக் குழம்புக்கு மட்டும் போட்ட மஞ்சளுக்கு எந்த அரசனும் வரி கேட்டிருக்கமாட்டான் என்பது மட்டும் திண்ணம்.