மும்பையில் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கா, இல்லையா?

சுனாபட்டி ஸ்டேஷன் பக்கம் தாகத்துக்கு ஒரு பாட்டில் வாங்குறீங்க. கேரி பேக் கேட்டா கடைக்காரர் தயங்குறார். பாட்டிலை மட்டும் தாராளமா எடுத்துத் தர்றார். ஏன்?

சட்டம் என்ன சொல்கிறது?

மகாராஷ்டிர அரசின் பிளாஸ்டிக் தடை அறிவிப்பு 2018 மார்ச் 23-ல் வெளியாகி, ஜூன் 23 முதல் அமலானது. கேரி பேக், ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, டம்ளர், ஸ்ட்ரா, தெர்மோகோல் பொருட்கள் தடைப் பட்டியலில் வந்தன. முதல் முறை பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். மூன்றாவது முறை 25,000 ரூபாயும் 3 மாதச் சிறையும்.

பெட் பாட்டில் மட்டும் நிபந்தனையோடு தப்பியது. திரும்ப வாங்கும் விலையை, அதாவது 1 அல்லது 2 ரூபாயை, பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என்பது 2018-ல் விதித்த நிபந்தனை. 2022 ஜூலை 1-ல் வந்த தேசியத் தடைப் பட்டியலிலும் தண்ணீர் பாட்டில் இல்லை.

அந்த 1 ரூபாய் எங்கே?

திட்டம் நடைமுறையில் வேரூன்றவில்லை. ஸ்டேஷனில் வாங்கும் பாட்டில் ஆபீஸில் காலியாகிறது. 1 ரூபாய்க்காக யார் திரும்பிப் போவாங்க?

உங்கள் பாட்டிலைப் பெரும்பாலும் குப்பை பொறுக்குபவர்கள்தான் எடுக்கிறார்கள். எடைக்குப் போய், பலதும் தாராவி 13-ம் காம்பவுண்டு போன்ற இடங்களை அடைகின்றன. அங்கே நிறம், வகை பார்த்துப் பிரித்து, நொறுக்கி விற்கிறார்கள். தாராவி மறுமேம்பாட்டில் இந்தப் பட்டறைகள் எங்கே போகும் என்பது நகரத்தின் குப்பைக் கேள்வியும்கூட.

முழுத் தடை எங்கே?

சிக்கிமின் லாச்சென் கிராமம் 2012-லேயே பாட்டில் தண்ணீரைத் தடை செய்தது. மாநிலம் முழுக்க 2022 ஜனவரி 1-ல் தடை வந்தது. நீலகிரியில் 2019 முதல் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. அங்கே சாலையோரம் வாட்டர் ஏடிஎம்களும் வைத்தார்கள். பாட்டிலை எடுத்தால் தண்ணீருக்கு வேறு வழி வேண்டுமே!

நீங்கள் செய்யக்கூடியது

- வீட்டிலிருந்து தண்ணீர் எடுத்துட்டுப் போங்க.
- வாங்கினால், லேபிளில் திரும்ப வாங்கும் விலை இருக்கா பாருங்க; இருந்தால் கடையில் கேளுங்க.
- காலி பாட்டிலை ஈரக் குப்பையோடு சேர்க்காதீங்க. சாம்பார் ஒட்டிய பாட்டிலுக்கு விலை குறையும். நஷ்டம் அதைப் பொறுக்குபவருக்கு.