பழங்கார் ஆர்வலர் இயக்கம் (அமெரிக்கா)

உற்பத்தி நின்றுபோன பழைய கார்களைத் தேடிக் கண்டெடுத்து, பழுது நீக்கி, ஓடும் நிலையில் பேணி வருவோரின் சங்கங்கள், இதழ்கள், சந்தைகள், பயணங்கள் எல்லாம் சேர்ந்ததே பழங்கார் ஆர்வலர் இயக்கம். அமெரிக்காவில் இது 1930களில் சில நண்பர்களின் கூட்டாகத் தொடங்கியது. கைக்குக் கை மாறிவரும் தொழிலறிவே இதன் உயிர்நாடி. ஒரு காரைச் செய்த கம்பெனி மூடப்பட்டபின், அதை எப்படிக் கிளப்புவது, எப்படிப் பிரித்துப் பூட்டுவது, எந்த ஆண்டு வண்டியில் எந்த விளக்கு இருந்தது என்பதெல்லாம் அதை வைத்திருந்தவர்களின் நினைவில்தான் எஞ்சியது. அந்த நினைவைத் திரட்டிக் காத்த பெருமை இந்த ஆர்வலர்களையே சேரும்.

பின்னணி

1893இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் துரியா சகோதரர்கள் தங்கள் முதல் பெட்ரோல் வண்டியை ஓட்டிப் பார்த்தனர். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார் கம்பெனிகள் அந்நாட்டில் முளைத்தன. பெரும்பாலானவை விரைவிலேயே மறைந்தன. 1929இல் தொடங்கிய பெருமந்தம் பெரிய பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. மார்மன் 1933இலும், டூசன்பெர்க் 1937இலும், பியர்ஸ் ஆரோ 1938இலும் கார் தொழிலை விட்டன. கம்பெனி போனதும் உதிரிபாகம் கிடைக்கவில்லை, வரைபடங்கள் சிதறின, அந்த வண்டியை அறிந்த மெக்கானிக்கும் வேறு பிழைப்புக்குப் போனார். பழைய காரை வைத்திருந்தவருக்கு அதேபோன்ற கார் வைத்திருந்த இன்னொருவரைத் தேடிப்போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சங்கங்கள் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான்.

சங்கங்களின் தோற்றம்

1935 நவம்பரில் பிலடெல்பியாவில் அமெரிக்கப் பழங்கார் சங்கம் (ஏஏசிஏ) உருவாயிற்று. 1937இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘ஹார்ஸ்லெஸ் கேரேஜ் கிளப்’ தொடங்கியது. குதிரையில்லா வண்டி என்னும் பெயருக்கேற்ப, 1916க்கு முற்பட்ட கார்களே அதன் அக்கறை. மறு ஆண்டு, 1938இல், ‘வெட்டரன் மோட்டார் கார் கிளப்’ வந்தது. 1952இல் தொடங்கிய ‘கிளாசிக் கார் கிளப்’, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து உயர்தரக் கார்களைத் தனியே எடுத்துக்கொண்டது. பின்னர் ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு மாடலுக்கும்கூடத் தனிச் சங்கங்கள் பெருகின.

இரண்டாம் உலகப் போர் இம்முயற்சிக்குப் பெரும் சோதனையாக அமைந்தது. 1942 முதல் போர்த் தளவாடங்களுக்காகப் பழைய இரும்பு திரட்டப்பட்டபோது, கொட்டகைகளில் கிடந்த எண்ணற்ற பழங்கார்கள் உலைக்குப் போயின. போர் முடிந்தபின் ஆர்வலர்கள் புது வேகத்துடன் எழுந்தனர். சார்லஸ் கிளிடன் என்னும் செல்வந்தர் பெயரால் 1905 முதல் 1913 வரை நடந்த நெடும்பயணம் 1946இல் மீண்டும் தொடங்கப்பட்டது. கூடிப் பயணம் போகும்போது ஒரு வண்டி வழியில் நின்றால் மற்றவர்கள் இறங்கி வந்து பார்ப்பார்கள். சாலையோரத்தில் குனிந்து நின்று கற்ற பாடங்கள் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவின.

பொதுப் பாடநூலான மாடல் டி

இவ்வறிவின் தன்மையை அறிய ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்வதே பொருத்தம். 1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி கார்கள் உருவாயின. இன்று கார் ஓட்டத் தெரிந்தவர் அதில் ஏறி அமர்ந்தால் திகைத்துவிடுவார். தரையில் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் நடுவில் இருப்பது வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவதற்கு, வலப்பக்கம் இருப்பதுதான் பிரேக். இடப்பக்கப் பெடலை முழுதும் அழுத்தினால் கீழ் கியர். கைநெம்புகோலை முன்னே தள்ளி அப்பெடலை விட்டுவிட்டால் மேல் கியர். ஆக்சிலேட்டர் காலுக்கு எட்டுவதில்லை. ஸ்டியரிங்கின் கீழே வலக்கைப் பக்கம் ஒரு சிறு கம்பியாக இருக்கிறது. இடக்கைப் பக்கத்துக் கம்பி தீப்பொறி எழும் நேரத்தை முன்பின்னாக மாற்றுவதற்கு.

கிளப்புவது அதைவிட நுட்பம். முதலில் கைநெம்புகோலைப் பின்னே இழுத்து வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும். தீப்பொறிக் கம்பியை மேலே தள்ளித் தாமதப்படுத்த வேண்டும். பிறகு முன்பக்கம் போய், ரேடியேட்டருக்கு அருகில் நீட்டிக்கொண்டிருக்கும் சோக் கம்பியை இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அப்போது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். கைப்பிடியை வளைத்துப் பிடிக்கக் கூடாது. தீப்பொறி முந்திக்கொண்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு முறிந்துபோகும். மூத்தவர் பக்கத்தில் நின்று விரலைத் திருத்தி வைக்கும்போது பிடிபடுகிற அளவுக்கு இது ஏட்டைப் படித்துப் பிடிபடுவதில்லை. பெட்ரோல் டாங்க் இருக்கைக்கு அடியில் இருந்து, எரிபொருள் தானாகவே கீழிறங்கி எஞ்சினுக்குப் போகும் அமைப்பு அது. செங்குத்தான மேட்டில் மூக்கு மேலே தூக்கினால் பெட்ரோல் ஓட்டம் நின்றுவிடும். அதனால் டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் மேட்டைப் பின்னோக்கியே ஏறினார்கள். இச்செய்தி பல மாடல் டி குடும்பங்களில் தாத்தா கதையாக வழங்குகிறது.

இதழ்களும் சந்தையும்

வாய்மொழியாக இருந்தது மெல்ல அச்சேறியது. ஃபிளாய்டு கிளைமர் 1944 முதல் பழைய கார் விளம்பரங்களையும் படங்களையும் தொகுத்து வெளியிட்ட நூல்கள் புதிய தலைமுறைக்கு அக்கார்களை அறிமுகம் செய்தன. 1954இல் இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரில் எர்னஸ்ட் ஹெமிங்ஸ் தொடங்கிய ‘ஹெமிங்ஸ் மோட்டார் நியூஸ்’ பெரும்பாலும் வரி விளம்பரங்களால் ஆனது. ஒரு மாநிலத்தில் ஒருவர் தேடும் கார்புரேட்டர் இன்னொரு மாநிலத்துக் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும்; அவ்விருவரையும் சேர்த்துவைத்தது இவ்விதழ்.

பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்னும் சாக்லேட் நகரில் 1955 முதல் ஏஏசிஏ நடத்திவரும் இலையுதிர்காலக் கூடுகை இவ்வியக்கத்தின் திருவிழா. சிலர் விரித்த கடைகளோடு தொடங்கிய உதிரிபாகச் சந்தை, பின்னாளில் ஆயிரக்கணக்கான கடையிடங்களாக விரிந்தது. துருப்பிடித்த ஒரு விளக்கு வளையத்தைக் கையில் ஏந்தி, இது எந்த ஆண்டு, எந்த வண்டி என்று கடைகடையாகக் கேட்டுப் போவோரை அங்கே காணலாம். பதில் தெரிந்தவர், வாங்காவிட்டாலும், நின்று விளக்கம் சொல்வார்.

தாமஸ் ஃபிளையர்

இவ்வறிவு வரலாற்றுச் சான்றாகவும் நின்றதற்குத் தாமஸ் ஃபிளையர் என்னும் கார் எடுத்துக்காட்டு. 1908 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் தொடங்கிய பாரிஸ் வரையிலான பந்தயத்தில், பஃபலோ நகரில் செய்யப்பட்ட இக்கார் வென்றது. ஜூலை 30 அன்று பாரிசுக்குள் இதை ஓட்டிச் சென்றவர் ஜார்ஜ் ஷூஸ்டர். பிறகு கார் பலர் கைமாறி, அடையாளம் மங்கிப்போயிற்று. 1960களில் நெவாடா மாநிலத்தின் ரீனோவைச் சேர்ந்த பெரும் சேகரிப்பாளர் வில்லியம் ஹாரா அதை வாங்கினார். இது அந்தக் கார்தானா என்னும் ஐயம் எழ, 90 வயதைக் கடந்திருந்த ஷூஸ்டரையே அழைத்துவந்தார்கள். வண்டியைப் பிரிக்கப் பிரிக்க, பயண வழியில் தாம் செய்த பழுதுபார்ப்புகளின் தடயங்களை அவர் அடையாளம் காட்டினார். ஏடுகளால் தீர்க்க முடியாத வழக்கை ஓர் ஓட்டுநரின் கைநினைவு தீர்த்துவைத்தது. பாரிசை அடைந்தபோது எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்துக்கு அக்கார் மீட்கப்பட்டது.

மூன்று நோக்குகள்

பழைய காரை எப்படிப் பேணுவது என்பதில் ஆர்வலர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று இருந்தபடியே மீட்க வேண்டும் என்பது ஒரு நோக்கு. ஏஏசிஏ நடுவர்கள் 400 புள்ளிகள் கொண்ட அளவுகோலால் ஒவ்வொரு காரையும் மதிப்பிடுவது இதன் அடிப்படையில்தான். 1932இல் வந்த ஃபோர்டு வி8 போன்ற வண்டிகளைப் பிரித்து மாற்றி வேகமூட்டிய கலிபோர்னிய இளைஞர்களின் ‘ஹாட் ராட்’ மரபு மற்றொரு நோக்கு. 1948இல் அதற்கும் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஓர் இதழ் பிறந்தது. பிற்காலத்தில், பழைய பெயின்ட்டையும் தேய்ந்த இருக்கையையும் தொடாமல் காப்பதே மேல் என்னும் எண்ணமும் வலுத்தது. ஒரு பொருள் ஒருமுறைதான் அசலாக இருக்க முடியும் என்பதால் இம்மூன்றாவது நோக்கே ஏற்கத்தக்கது. எதைத் துடைத்தாலும் அதோடு ஒரு சான்றும் அழிந்துபோகிறது.

இன்றைய நிலை

வாய்மொழி அறிவுக்குத் துணையாக இன்று நிலையான காப்பகங்கள் உள்ளன. டெட்ராய்ட் பொது நூலகத்தின் மோட்டார் வரலாற்றுத் தொகுப்பு, டியர்பர்னில் உள்ள ஃபோர்டு ஆவணங்கள், சவுத் பெண்டு நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்டூடிபேக்கர் பதிவேடுகள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஆனால் காகிதத்தில் ஏறாத அறிவும் ஏராளம். உருக்கிய பேபிட் உலோகத்தை பேரிங்கில் வார்ப்பது, ஈயம் பூசித் தகட்டை மட்டமாக்குவது போன்றவற்றை அறிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. இக்குறையை உணர்ந்து கன்சாஸ் மாநிலத்தின் மெக்ஃபர்சன் கல்லூரி பழங்கார் மீட்புக் கலையை 1976 முதல் கற்பித்து வருகிறது. அதில் நான்காண்டுப் பட்டமும் வழங்குகிறது. தாமஸ் ஃபிளையர் இன்று ரீனோவில் உள்ள தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.