வெட்டி ஒட்டிய மனிதன்

1919-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் கொலோன் நகரில், மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்னும் ஓவியர் அச்சுப் பட்டியல்களிலுள்ள படங்களைக் கத்தரித்து ஒட்டலானார். ஒருவன் தலை, மற்றொருவன் கை, இடையே ஓர் இயந்திரம். இவ்வாறு கண்டதுண்டமான மனித உருவங்கள் தோன்றின. 'கொலாஜ்' எனப்படும் இம்முறையைப் பின்னர் சர்ரியலிச இயக்கத்தார் பெரிதும் கையாண்டனர். பித்தர் செயலென நகைத்தோர் பலர். ஆயின், எர்ன்ஸ்ட் முதல் உலக யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். மனிதனைத் துண்டாடியது யுத்தம். கத்தரிக்கோல் அதனை எடுத்துக் காட்டிற்று, அவ்வளவே.

நம்மவர்க்கு இக்காட்சி புதிதன்று. புருஷ சூக்தம் ஓர் உடலைக் கூறிட்டு, வாயைப் பிராமணனுக்கும் பாதத்தைச் சூத்திரனுக்கும் உரியதாக்கிற்று. கடல் கடந்து வந்த தமிழனையோ துரைமாரின் ஆங்கிலம் 'ஹேண்ட்ஸ்', அதாவது 'கைகள்' என்றது. தோட்டத்துச் செக்ரோல் எத்தனை கை என்று எண்ணிற்றேயன்றி, அக்கைக்குரியவனுக்கு நெஞ்சுண்டா என வினவவில்லை.

1931-இல் பாரிஸில் குடியேற்ற நாடுகளின் பொருட்காட்சி நடந்தபோது, அதற்குச் செல்லலாகாது எனத் துண்டறிக்கை வழங்கியோரும் சர்ரியலிஸ்டுகளே. அவர்கள் தாளில் கண்டித்த இழிவை நம் தொழிலாளர் செயலால் எதிர்த்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? துரையைக் கண்டதும் சைக்கிளினின்று இறங்கும் வழக்கம் ஒழிக என்றனர். பெண்டிர் மானம் காக்கப்படுக என்றனர். முன்னின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் ஓருண்மை நிலைபெற்றது: கூலி கேட்டது கையாயினும், மானம் கேட்டவன் முழு மனிதன்.