மொய் நோட்டும் கணினியும்

சமூக நாணயம் நடத்த எந்த மென்பொருள் ஏற்றது என்ற பேச்சு, கனடாவின் கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் 1983-இல் மைக்கேல் லின்டன் தொடங்கிய லெட்ஸ் முறையிலிருந்தே பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. கையில் காசு புரளாமல், உறுப்பினர்களின் வரவையும் பற்றையும் மட்டும் எழுதிக்கொண்டு கொடுக்கல் வாங்கலை நடத்துவது அது. இந்த வழி நமக்குப் பழக்கமானதுதான். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதத்தில் வைக்கும் மொய் விருந்துக்குக் கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. மொய் வாங்கவே பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வைப்பது வழக்கம். பழைய மொய்யைத் திருப்பும்போது மேலே சேர்த்துப் போடும் தொகைக்குப் புதுநடை என்று பெயர். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை, நோட்டுதான் சாட்சி.

மதுரை, தேனிப் பக்கங்களில் இந்த நோட்டின் இடத்துக்கு மடிக்கணினி வந்தபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை. அதன் காரணத்தைத்தான் மென்பொருள் தேடுவோர் கவனிக்க வேண்டும். மொய் போட்டவருக்குக் கையோடு ரசீது, விசேஷ வீட்டாருக்கு ஊர்வாரியாகப் பிரித்து அச்சிட்ட பட்டியல்: எழுதும் கைதான் மாறியது, கணக்கு வீட்டைவிட்டுப் போகவில்லை. வாங்கியவர் வீட்டில் ஒரு பதிவு, கொடுத்தவர் வீட்டில் ஒரு பதிவு. நடத்துபவர் கடையை மூடினாலும் கடன் அழியாது.

மொய் நாணயமே அல்ல என்று மறுக்கலாம். எனக்கு வரவேண்டிய மொய்யைக் காட்டி மூன்றாம் ஆளிடம் அரிசி வாங்க முடியாதே. நியாயமான மறுப்பு. கடன் கைமாற வேண்டுமானால் பொதுப் பேரேடு வேண்டும். நெதர்லாந்தின் ஸ்ட்ரோ அமைப்பு உருவாக்கிய சைக்ளோஸ் போன்ற மென்பொருள்கள் அதற்குத்தான். ஆனால் பொதுப் பேரேடு என்றதும் அதை வைத்திருப்பவர் யார் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் இதற்கு விடை வைத்திருக்கின்றன. ஏரி வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையில் ஆள் எடுத்த அந்த ஊர், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய உறவினரையும் விலக்கியது. கணக்கு எழுதும் முறையைவிடக் கணக்குக் காட்டும் கடமையை அது பெரிதாக நினைத்திருக்கிறது. (உறவினரையும் சேர்த்தது இன்றைக்குக் கொஞ்சம் கடுமைதான்.)

நல்ல மென்பொருள் இருந்தால் தகராறே வராது என்பாரும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு மொய் வசூல் சரிந்தது. நோட்டில் பிழை ஏதும் இல்லை. திருப்பித் தரத்தான் கையில் இல்லை. ஒருவர் எவ்வளவு பற்று வரை போகலாம், இப்படியொரு ஆண்டில் தவணையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு என்று சேர்ந்து நடத்துபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை மென்பொருள் அப்படியே ஏற்கிறதா, நடத்துபவர் விலகினால் ஒவ்வொருவரும் தம் கணக்கை எடுத்துக்கொண்டு போக விடுகிறதா என்று பார்த்த பிறகு விலையைப் பேசலாம்.