மழலையர் கல்வியும் நம் மக்களின் வாழ்வும்

மூன்று வயதுக் குழந்தைக்கு எதனைக் கற்பிப்பது என்னும் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். பள்ளி இறுதித் தேர்வுக்கும் பட்டப்படிப்புக்கும் விடுதிக்கும் உதவித்தொகைக்குமாகக் கால் நூற்றாண்டு பாடுபட்ட ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இதனைப் பேசுவானேன் என்று இளைஞர்கள் எண்ணவும் கூடும். ஆனால் தன் வீடும் தெருவும் உணவும் பள்ளியில் பேசத்தக்கவையா, மறைக்கத்தக்கவையா என்பதை ஒரு குழந்தை அந்த வயதிலேயே உணர்ந்துகொள்கிறது. ஆகவே மழலையர் கல்வியின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஜெர்மானியக் கல்வியாளர் பிரோபெல் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார். பாட்டும் பந்தும் மரக்கட்டையும் கொண்டு நடந்த அப்பள்ளிகளை 1851இல் பிரஷ்ய அரசு தடை செய்தது. குழந்தைகளின் விளையாட்டுக்கும் ஓர் அரசு அஞ்சிய காலம் இருந்தது.

1896இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜான் டூயி தொடங்கிய சோதனைப் பள்ளியில், இளம் பிள்ளைகள் வீட்டு வேலைகளிலிருந்தே பாடம் பயின்றனர். 1907இல் பெல்ஜியத்தில் டெக்ரோலி நிறுவிய பள்ளி, உணவு, குளிர் வெப்பத்திலிருந்து காப்பு, பகையிலிருந்து பாதுகாப்பு, உழைப்பு என்னும் நான்கு மனிதத் தேவைகளைச் சுற்றியே பாடங்களை அமைத்தது. ஒரு பொருளை நடுவில் வைத்து, பாட்டு, கதை, எண்ணிக்கை, கைவேலை, விளையாட்டு அனைத்தையும் அதனோடு இணைக்கும் முறை இவ்வாறு வளர்ந்தது. குழந்தையின் உள்ளத்தில் உலகம் தனித்தனிப் பாடங்களாகப் பிரிந்திருப்பதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை.

இந்த வரலாற்றில் நம் மக்களுக்கும் இடம் உண்டு. சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894இல் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பஞ்சமர் பள்ளிகள் என அந்நாளில் அழைக்கப்பட்ட அப்பள்ளிகளில், அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியைகள் குழந்தைத் தோட்ட முறையைப் புகுத்தினர். மரியா மாண்டிசோரி அம்மையார் பயிற்சி வகுப்பு நடத்த அடையாற்றுக்கு வந்தது 1939இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சேரிப் பிள்ளைகளின் கைகளுக்குப் புதிய கல்விமுறை எட்டியிருந்தது என்பதை நம் இளைஞர்கள் பெருமையோடு நினைவுகூரலாம்.

அடுத்த பெரும் முயற்சி மராட்டியக் கடற்கரையில் நிகழ்ந்தது. தாராபாய் மோடக் அம்மையார் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்காவுடன் பணியாற்றியவர். அவர் 1945இல் போர்டி என்னும் சிற்றூரில் கிராமக் குழந்தைக் கல்வி மையத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அங்கு அவருக்குத் துணைநின்றார். ஊர்ப் பள்ளிக்கு ஏழைப் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளும் எளிதில் வரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிடில் பள்ளி பிள்ளைகளிடம் செல்லட்டும் எனத் துணிந்து, அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்திலேயே வகுப்பை நடத்தினர். முற்றம் எனப் பொருள்படும் 'அங்கன்' என்ற சொல்லிலிருந்து அங்கன்வாடி என்னும் பெயர் பிறந்தது. விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாகச் சிப்பி, கூழாங்கல், விதை, இலை, களிமண் ஆகியவை கல்விக் கருவிகளாயின. 1957இல் இப்பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறி, வார்லிப் பழங்குடியினரின் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதன் மையங்கள் அங்கன்வாடி என்ற பெயரையே ஏற்றன. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் அமர்த்தியது. பின்னாளில் தமிழக அங்கன்வாடிகளுக்கென, 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில், மாதந்தோறும் ஒரு கருப்பொருள் என்ற முறையில் பாடத்திட்டமும் வந்தது.

முறை வந்துவிட்டது. ஆனால் கருப்பொருளுக்குள் யாருடைய வாழ்வு இடம்பெறுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. 'நமக்கு உதவுவோர்' என்பது மழலையர் வகுப்பில் வழக்கமான ஒரு கருப்பொருள். படத்தில் மருத்துவரும் ஆசிரியரும் இருப்பர். துப்புரவுத் தொழிலாளியும் செருப்புத் தைப்பவரும் இருப்பர். 'நமக்கு' என்னும் சொல்லில் அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் மகள் அடங்குகிறாளா? தன் தந்தை பிறருக்கு உதவவே பிறந்தவர் என்று அவள் கற்றுக்கொண்டால், சாதியின் முதல் பாடத்தை நாமே நடத்தியவர்களாவோம். 'உணவு' என்னும் கருப்பொருளில் காய்கறியும் பாலும் மட்டுமே இருப்பின், இறைச்சி உண்ணும் வீட்டுக் குழந்தை தன் தாயின் சமையலை எண்ணி நாணக் கற்கும்.

இதற்கு மாற்று நம் கையிலேயே உள்ளது. எடுத்துக்காட்டாக, 'நெல்' என்பதை ஒரு வாரத்துக்குக் கருப்பொருளாகக் கொள்வோம். முதல் நாள் பிள்ளைகள் நெல்லைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கட்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளாதபடி பெரியவர்கள் அருகிருந்து கவனிக்க வேண்டும். இரண்டாம் நாள் முறத்தில் புடைத்து, பதரையும் மணியையும் பிரித்து எண்ணட்டும். மூன்றாம் நாள் நாற்று நட்ட கையுடைய பாட்டி ஒருவரை அழைத்து, அவர் நடவுப் பாட்டைப் பாடக் கேட்கட்டும். நான்காம் நாள் மண்ணில் சிறு வரப்புக் கட்டி நீர் பாய்ச்சட்டும். ஐந்தாம் நாள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து சோறு உண்ணட்டும். எண்ணும் மொழியும் அறிவியலும் இதிலேயே அடங்கும். விளைவித்தவர் யார் என்ற அறிவும் அதனோடு சேரும். வகுப்பில் ஆசிரியராக அமர்ந்த பாட்டியைக் கண்ட பேரன் தன் குலத்தைக் குறித்துத் தலைகுனியான்.

இதே வகையில் பறையின் ஓசையைக் கொண்டு தாளத்தைக் கற்பிக்கலாம். 'உதவுவோர்' என்பதை 'உழைப்போர்' என மாற்றி, எல்லார் வீட்டு உழைப்பையும் ஒரே நிலையில் வைக்கலாம். தாயும் தந்தையும் செய்யும் வேலையின் பெயரைச் சொல்லப் பிள்ளை கூசாத வகுப்பே நல்ல வகுப்பு.

இளைஞர்களே! உங்கள் ஊர் அங்கன்வாடிக்குச் சென்று பாருங்கள். பணியாளரோடு பகைமையின்றிப் பேசுங்கள். குறைந்த ஊதியத்தில் அரும்பணி ஆற்றுவோர் அவர்கள். சுவரிலுள்ள படங்களில் நம் தெரு இருக்கிறதா என நோக்குங்கள். இல்லையெனில் வரைந்து கொடுங்கள். கதை சொல்லும் முதியோரை அழைத்துச் செல்லுங்கள். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேர்வு எழுதும் மாணவரைத் தேடிச் சென்றது. இனி, முற்றத்தில் விளையாடும் மழலையையும் தேடிச் செல்லுமாக!